இரண்டு முறை தட்டினால்

வேன் வந்து நின்றதை அவள் பாதத்தால்தான் அறிந்தாள்.

தையல் எந்திரத்தின் மிதியிலிருந்து வலது காலை அப்போதுதான் எடுத்திருந்தாள். இடது கால், வழக்கம்போலச் செருப்பில்லாமல், பலகைத் தரையில் பதிந்திருந்தது. வாசலில் கனமான வண்டி ஒன்று நின்று, எஞ்சின் ஒருமுறை உதறி அடங்கியது. பிறகு ஏதோ ஒரு பாரம் தரையில் இறங்கி உருண்டது. பள்ளிக்கூடம் போகும் வயதில் வந்த காய்ச்சலோடு காது போனவள் அவள். உலகத்தின் எத்தனையோ சத்தங்கள் அவளுக்குத் தெரியாது. ஆனால் சின்னச் சக்கரங்களின் மேல் உருண்டு வரும் அந்த இரும்புச் சட்டப் பெட்டியின் கனத்தைத் தூக்கத்திலும் அடையாளம் சொல்வாள்.

கச்சேரி முடிந்து கணவன் வீடு திரும்பும் அதிர்வு அது. எத்தனை காலைகள் அதற்காக இந்தக் காலைத் தரையில் ஊன்றிக் காத்திருந்திருக்கிறாள்.

இப்போது அவன் இல்லாமல் அது மட்டும் வந்திருக்கிறது.

அக்கா கதவைத் திறந்தாள். சாவு விழுந்த நாளிலிருந்து தபாலாபீஸுக்கு லீவு போட்டுவிட்டுத் தங்கைக்குத் துணையாகத் தங்கியிருக்கிறாள். தடித்த கண்ணாடிக்கு மேலாக அக்கா ஒரு பார்வை பார்த்தால் கவுண்டருக்கு முன்னால் கோணலாக நிற்கிற வரிசை தானாக நேராகிவிடும் என்று கணவன் கேலி செய்வதுண்டு.

உள்ளே வந்தவன் இடி. கணவனின் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். வீட்டில் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும். ஒரு காலத்தில் அவனுக்கு உதட்டை மூடுகிற மீசை இருந்தது. "அத எடுக்காட்டி என் பொண்டாட்டி உன்கூடப் பேசவே மாட்டாடா" என்று கணவன் சொன்ன மறுநாளே மழித்துக்கொண்டு வந்து நின்றான். உதடு தெரிந்தால்தான் அவளுக்குப் பேச்சு.

"எப்பவோ கொண்டாந்திருக்கணும் அண்ணி. மனசு வரல."

"மனசு வரலயா, வேன் கெடைக்கலயா?" என்றாள் அக்கா.

இடி தலையைச் சொறிந்தான். "ரெண்டுந்தான் அக்கா."

"இங்க எதுக்குப்பா இது? இவளுக்குக் காதும் கேக்காது, வாசிக்கவும் வராது. வீட்டக் காலி பண்ணிட்டு என்கூட வரப்போறா. வாசிக்கற யாருக்காச்சும் குடுத்துடேன்."

"குழுவுல புதுசா சேந்தவரு கேட்டுக்கிட்டுதான் இருக்காரு. அண்ணிய ஒரு வார்த்தை கேக்காம எப்படிக் குடுக்கறது?"

"மேல வை தம்பி" என்றாள் அவள். குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்காவின் உள்ளங்கை காற்றை மெல்லக் கீழே அமுக்கியது. மெதுவாகப் பேசு என்று அர்த்தம். "நான் போறவரைக்கும் அது எடத்துலயே இருக்கட்டும்."

மாடி அறையில் எதுவும் மாறவில்லை. ஜன்னலோரம் அவன் நாற்காலி. தாங்கியில் சாய்ந்திருந்த பேஸ் கிடார். சுவரை ஒட்டி இடுப்புயர ஸ்பீக்கர் பெட்டி. இடி இரும்புச் சட்டத்தை மூச்சுப்பிடித்துத் தூக்கி அதன்மேல் வைத்தான். சட்டத்துக்குள் நான்கு திருகாணிகளால் முடுக்கப்பட்ட ஆம்ப், கிடாரின் ஒலியைப் பெருக்கும் கருவி. கறுப்பு முகம், ஒரு வரிசைக் குமிழ்கள், நடுவில் விரலகலத்துக்கு ஒரு கம்பிவலை. வலைக்குப் பின்னால் கட்டைவிரல் பருமனில் இரண்டு கண்ணாடி ட்யூபுகள். கம்பியிலிருந்து வரும் மெலிந்த நடுக்கம் முதலில் அந்த ட்யூபுகளுக்குள் போய்த்தான் சதை பிடிக்கும் என்பான் கணவன். சுவிட்ச் போட்டதும் அவை எரியாது. ஊதிவிட்ட கரி போல, மெல்ல மெல்ல ஆரஞ்சு நிறம் ஏறும்.

"சூடேறாம வாயத் தெறக்காது. என்ன மாதிரியே ட்யூப் லைட்டு" என்று தன்னையே சொல்லிக்கொள்வான்.

அவளுக்கு அந்த ஆரஞ்சு நிறம்தான் பாட்டின் தொடக்கம்.

இடி கைக்குட்டையால் ஆம்பின் மேல் படிந்த தூசியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

"அன்னிக்கு நிகழ்ச்சி நல்லாத்தான் முடிஞ்சுது அண்ணி. ஒயரெல்லாம் சுத்தி வெச்சாரு. 'இது ஆறட்டும்டா, சூட்டோட தூக்கினா உள்ள இருக்கற இழை அறுந்துடும்'னு சொல்லிட்டு இதுமேலயே உக்காந்தாரு. எப்பவும் உக்கார்றதுதானே. அண்ணன் கொஞ்சம் கண்ண மூடறாருன்னு நெனச்சேன். போலாமான்னு தோளத் தொட்டா..."

அதற்குமேல் இடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு குலுங்குவது தெரிந்தது. என்ன சொன்னான் என்பது தெரியவில்லை. திரும்பியபோது கடைசி வாக்கியங்கள் மட்டும் உதட்டில் மிச்சமிருந்தன.

"அந்தப் பதட்டத்துல இத ஆற விடல அண்ணி. அப்படியே தூக்கி வேன்ல போட்டுட்டோம். அப்புறம் ஆன் பண்ணிப் பாக்கற தைரியம் எனக்கு வரல."

அவன் போனபின் அவள் ஆம்பின் கரண்ட் ஒயரை எடுத்துப் பார்த்தாள். பாம்புச் சுருள்போல் கட்டி, கணவனின் முடிச்சோடு இருந்தது. அவிழ்க்கவில்லை. அப்படியே ஆம்பின் மேல் வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

கிடாரைத் தோளில் மாட்டும் பட்டை அறுந்துபோய்த் தைக்க வந்தவன்தான் கணவன். தைத்த பட்டை தாங்குகிறதா என்று பார்க்க அவள் அவனோடு ஒரு ஒத்திகைக்குப் போனாள். ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கை வைத்தாள். கையை எடுக்க மனம் வரவில்லை. கல்யாணம் அங்கேயே நிச்சயமாகிவிட்டது என்று அவன் பின்னால் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான்.

இந்த வீட்டில் அவர்களுக்கென்று ஒரு பாஷை உண்டாயிற்று. கீழே எந்திரத்தின் முன்னால் இருப்பவளை மாடியிலிருந்து எப்படிக் கூப்பிடுவது? கத்தினால் பக்கத்து வீட்டுக்காரர்தான் எட்டிப்பார்ப்பார். அதனால் இருப்பதிலேயே தடித்த கம்பியை நீளமாக ஒருமுறை மீட்டுவான். பலகைகள் வழியாக அது இறங்கி அவள் பாதத்துக்கு வரும். 'மேல வா.' ஜன்னலிலிருந்து யாராவது வாசலுக்கு வருவது தெரிந்தால் குட்டையாக இரண்டு. 'வாசல்ல ஆள்.' அவள் பதிலுக்கு, எந்திரத்தின் பக்கத்தில் சாய்த்திருக்கும் ஒட்டடைக் கம்பால் தலைக்கு மேலிருக்கும் பலகையில் தட்டுவாள். ஒருமுறை தட்டினால் 'வர்றேன்.' இரண்டு முறை தட்டினால் 'இரு, கை வேலையா இருக்கேன்.' அதற்கு அவன் உள்ளங்கையால் கம்பிகளை மெல்லத் தட்டி 'சரி' சொல்வான். முதுகில் தட்டிக்கொடுப்பதுபோல மூன்று சின்ன அதிர்வுகள்.

ஆனால் அவன் பொறுமைசாலி இல்லை. இரண்டு தரம் அவள் 'இரு' என்று சொல்லிவிட்டால் மூன்றாம் தரம் கூப்பிட மாட்டான். தானே இறங்கி வந்துவிடுவான். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். கம்பி அழுத்திக் காய்ப்பேறிய விரல்நுனி ஒன்று பிடரியில் படும். அவள் திரும்ப மாட்டாள். கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து இடம் விடுவாள். கழுவிய தட்டைப் பக்கவாட்டில் நீட்டுவாள், அவன் வாங்கித் துடைப்பான். எதற்குக் கூப்பிட்டான் என்று அவள் கேட்டதில்லை. பெரும்பாலும் எதற்காகவும் இருக்காது.

ஆம்ப் வந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அக்கா உள்ளே படுத்திருந்தாள். வெளியே மழைக்கு முந்தின புழுக்கம். நூலை மாற்றுவதற்காக மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

இடது பாதத்தில் ஏதோ ஊர்ந்தது.

எறும்பு என்று நினைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். எறும்பு இல்லை. மறுபடி ஊன்றினாள். அது கணுக்காலில் ஏறியது. முழங்காலுக்கு வந்தது. நீளமாக, தடிமனாக, நடுவில் அறுபடாமல்.

மேசைமேல் ஊசி டப்பியின் மூடி திறந்திருந்தது. உள்ளே குண்டூசிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நகர்ந்துகொண்டிருந்தன.

அவள் ஒட்டடைக் கம்பை எடுக்கவில்லை. எழுந்தாள். படிகளில் ஏற ஏற அதிர்வு கைப்பிடியிலும் இருந்தது. கதவைத் தள்ளினாள்.

நாற்காலி காலியாக இருந்தது. ஒயர் சுருள் அவன் முடிச்சோடு அப்படியே ஆம்பின்மேல் கிடந்தது.

கம்பிவலைக்குப் பின்னால் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை மங்கின. சிவந்து, பழுப்பேறி, கண்ணாடியின் கறுப்புக்குள் போய்விட்டன. அறையில் சூடான தூசியின் வாசனை, அதோடு பழைய வார்னிஷ். கச்சேரி நாட்களில் அவன் சட்டையில் இருக்கும் வாசனை. கிட்டப் போய் ஆம்பின் மேல்தகட்டைத் தொட்டாள். சற்றுமுன் யாரோ எழுந்துபோன நாற்காலிபோல வெதுவெதுப்பாக இருந்தது.

கீழே வந்து பாவாடையை மடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பயம்தான். இல்லை என்று சொல்லிக்கொள்ள அவளால் முடியவில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்று கிடந்து துடித்தது. புருஷன் செத்த வீட்டில் அதற்குச் சந்தோஷம் என்று பெயர் வைக்க அவளுக்குக் கூசியது. அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அக்கா அதை நம்பாமல் போய்விடுவாளோ என்பது ஒரு பயம். நம்பிவிடுவாளோ என்பது இன்னொன்று.

அதற்குப் பிறகு தினமும் மதியத்தில் அது வந்தது. அவள் தினமும் மேலே போனாள். ஆம்பின் எதிரில் தரையில் உட்கார்ந்து, ஸ்பீக்கர் பெட்டியின் முரட்டுத் துணியில் நெற்றியை வைத்துக்கொள்வாள். தைக்க வந்த துணிகள் கீழே மூட்டை மூட்டையாகச் சேர்ந்தன. சோறு இறங்கவில்லை. கைவிரல்கள் எப்போதும் சில்லிட்டிருந்தன. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

"மேல என்னடி, புதையலா இருக்கு?" என்று அக்கா ஒருநாள் வழிமறித்தாள். "கண்ணாடியில மூஞ்சியப் பாத்தியா? அவன் பின்னாடியே போறதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"போறதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"அப்ப எழுந்து சாப்புடு. என் வீட்டுக்கு வந்தா இந்தக் கூத்தெல்லாம் நடக்காது. அங்க சிமெண்டுத் தரை. கீழ லாரி போனாக்கூட அசையாது."

ஆறுதலுக்குத்தான் அக்கா அதைச் சொன்னாள். இரண்டாம் முறை காது போகப் போகிறது என்று தங்கைக்குக் கேட்டது.

அன்றைக்கு ஸ்பீக்கரில் நெற்றியை வைத்திருந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. உயிரோடு இருந்தபோது, அவள் கதவைத் திறந்தவுடனே அவன் கம்பியை விட்டுவிடுவான். வந்தவளை ஏன் கூப்பிட வேண்டும்? முதல் நாளும் அப்படித்தான் நின்றது. இப்போதோ அவள் மேலே வந்து, கிட்டே உட்கார்ந்து, நெற்றியையும் கொடுத்த பிறகும், அந்த நீளமான அதிர்வு நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

மேல வா.

வந்துவிட்டேனே.

மேல வா.

அவன் இருக்கும் இடம் இந்த அறை இல்லை.

அவள் நெற்றியை எடுத்துக்கொண்டாள். தவழ்ந்துதான் கதவு வரை போனாள். போகும்போது ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஏன் போகக்கூடாது என்று தோன்றியது. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்த எண்ணத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவளுடைய எண்ணம்தானா என்பதுகூட நிச்சயமாகத் தெரியவில்லை. கீழே சமையலறையில் அக்கா எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள். தங்கைக்குப் பிடித்ததாகத்தான் இருக்கும். கொஞ்ச நாளாகவே எல்லாம் அவளுக்குப் பிடித்ததாகத்தான் சமைக்கிறாள் என்பது அப்போதுதான் மனதில் பட்டது.

"இடி தம்பிக்குச் சொல்லிடுக்கா" என்றாள், இறங்கிச் சமையலறைக்கு வந்து. "நாளைக்கே வந்து எடுத்துக்கட்டும். நான் உன்கூட வர்றேன்."

அக்காவின் கண்ணாடி ஆவியில் மூடியிருந்தது. கரண்டியைக் கீழே வைக்காமலே தங்கையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவள் எந்திரத்துக்கு உறை போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வேளையில் அது ஒருநாளும் வந்ததில்லை.

வந்தது.

மெதுவாக இல்லை. தரை முழுவதும் ஒரே சமயத்தில். அவள் பல் கிட்டியது. எந்திரத்தின் ஊசி தானாக நடுங்கித் தகட்டில் மோதியது.

பதில் சொல்லாமல் விட்டால் அவன் நிறுத்த மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை நாளும் அவள் ஒருமுறைகூடப் பதில் சொல்லவில்லை. மேலே போனாளே தவிர, ஆம் என்றோ இல்லை என்றோ சொன்னதில்லை. ஒட்டடைக் கம்பை எடுத்தாள். வரமாட்டேன் என்பதற்கு அவர்கள் பாஷையில் வழி இல்லை. அப்படி ஒன்று எப்போதும் தேவைப்பட்டதில்லை. இருந்ததெல்லாம் 'இரு' மட்டும்தான். இரண்டு முறை தட்ட வேண்டும்.

ஒருமுறை தட்டினாள்.

கம்பு கையிலிருந்து பிடுங்கப்பட்டது.

அக்கா. ஒரு கையில் கரண்டி, மறு கையில் கம்பு. முகம் கோபத்திலும் பயத்திலும் கோணியிருந்தது. "பைத்தியமாடி உனக்கு? ஆளில்லாத ரூமுக்கு யாரத் தட்டிக் கூப்பிடற?" பின்கதவைத் திறந்து கம்பை மழையில் வீசி எறிந்தாள்.

தரை அடங்கிவிட்டது.

அவள் அசையவில்லை. ஒரு தட்டு. அவள் 'வர்றேன்' என்று சொல்லிவிட்டாள்.

மேல்தளப் பலகைகளின் இடுக்குகளில் மெல்லிய ஆரஞ்சுக் கோடுகள் தெரிந்தன. சூடேறுகிறது. பாதத்திலிருந்து ஒரு குளிர் ஏறியது. முழங்காலைத் தாண்டியது. இடுப்பைத் தாண்டியது. அந்த நீண்ட அதிர்வு இப்போது தரையில் இல்லை. அவள் நெஞ்செலும்புக்குள் இருந்தது. இதயம் அதனோடு ஒத்துப்போகப் பார்த்து, ஒரு துடிப்பு தவறியது. இன்னொன்று தவறியது.

"ஏண்டி இப்படி வெளுத்துப் போற? ஏய்! என்னப் பாரு!"

"அக்கா." தன் குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. "மேல தட்டு. ஒரு தடவ."

"என்னது?"

"ஒரே ஒரு தடவ தட்டுக்கா! நான் 'இரு'ன்னு சொல்லணும். பாதிதான் சொல்லியிருக்கேன்!"

அக்காவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அந்த இடுக்குகளில் வெளிச்சமும் அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. ஆனால் தங்கையின் முகத்தில் எதையோ பார்த்தாள். தையல் ஸ்டூலை இழுத்துப்போட்டு, கனத்த உடம்போடு அதன்மேல் ஏறி, கையிலிருந்த கரண்டியால் மேல்பலகையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று கையை எடுத்தது.

கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு தரையில் மூன்று சின்ன அதிர்வுகள், முதுகில் தட்டிக்கொடுப்பதுபோல.

அக்கா ஸ்டூலின் மேலேயே நின்றாள். கரண்டியிலிருந்து குழம்பு அவள் தோளில் சொட்டியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றாள். "ஆனா... இந்த ஸ்டூலு ஆடுச்சாடி?"

அவள் ஸ்டூலின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை நாளில் அன்றுதான் அழுதாள்.

மறுநாள் காலை பாதத்தில் குட்டையாக இரண்டு வந்தது. அவள் போய்க் கதவைத் திறந்தாள். மணியை அழுத்த விரலை நீட்டியபடி இடி நின்றுகொண்டிருந்தான்.

"இன்னும் அழுத்தவே இல்லையே அண்ணி! எப்படித் தெரிஞ்சுது?"

"தெரிஞ்சுது தம்பி" என்றாள்.

இடி ஆம்பை இறக்கி, சக்கரத்தில் உருட்டி, வேனில் ஏற்றினான். அவள் வாசல்படியில் வெறுங்காலோடு நின்றாள். வேன் தெருமுனையில் திரும்பி மறைந்தது. அதற்குப் பிறகுதான் அது வந்தது. காலியான மாடியிலிருந்து, இறங்கிய குரலில், கெஞ்சுவதுபோல நீளமாக ஒருமுறை. ஆம்ப் அங்கே இல்லை என்பது அதற்குப் பொருட்டாக இல்லை.

அவள் குதிகாலால் படியில் இரண்டு முறை தட்டினாள். இரு. கை வேலையா இருக்கேன்.

மூன்று சின்ன அதிர்வுகளாக அவன் பதில் வரத் தாமதமானது. வந்தது.

அக்காவின் வீட்டில் எதுவும் அசையவில்லை. உயரமான கட்டடம், பளபளக்கும் தரை. பாதத்துக்கு அது ஊமை. அவள் அங்கேயும் தைத்தாள். சாப்பிட்டாள். விரல்களில் சூடு திரும்பியது. மாலையில் அக்கா வேலையிலிருந்து வந்து, வரிசையில் நின்றவர்களைப் போலவே பேசி நடித்துக் காட்டும்போது சிரிக்கக்கூடச் சிரித்தாள். சிரித்த மறுகணம் காலைத் தரையில் அழுத்திப் பார்த்துக்கொள்வாள்.

ஒருநாள் இடி வந்தான். சின்ன அட்டைப்பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்தான்.

"ரிப்பேருக்குக் குடுத்தோம் அண்ணி. ரெண்டு ட்யூபும் செத்துப்போச்சாம். உள்ள இழை அறுந்திருக்கு. சூட்டோட தூக்கினோம்ல, அன்னிக்கே அறுந்திருக்கும்னு மெக்கானிக் சொன்னாரு. அதுக்கப்புறம் இது எரிஞ்சிருக்கவே முடியாதாம். புதுசு போட்டாச்சு. பழச நீங்க வெச்சுக்குவீங்கன்னு எடுத்தாந்தேன்."

அவள் ட்யூபுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மயிரிழை போன்ற கம்பி நடுவில் அறுந்து, இரண்டு நுனிகளும் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. சமையலறை அலமாரியில், தொட்டிக்கு எதிர்ப்பக்கச் சுவரில், உப்பு டப்பாவின் பக்கத்தில் அவற்றை நிறுத்திவைத்தாள். வேறு எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஒரு விடுமுறை நாளின் மதியம். சாப்பாடு முடிந்து அவள் தொட்டியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் நல்ல வெயில். அக்கா பக்கத்து மேடையில் சாய்ந்துகொண்டு, அவளுக்கு உதடு தெரியும்படி நேராக நின்று, தபாலாபீஸ் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"...அந்த ஆளு சொல்றாரு, 'அம்மா, ஸ்டாம்ப ஒட்டறதுக்கு முன்னாடியே நக்கிட்டேன்மா, இப்ப என்ன பண்றது?' நான் சொன்னேன்..."

அக்காவின் உதடுகள் நின்றன.

வாய் திறந்தபடியே இருந்தது. பார்வை தங்கையின் முகத்திலிருந்து விலகி, தோளுக்கு மேலாக, அவளுக்குப் பின்னால் போய் நின்றது. தடித்த கண்ணாடியின் இரண்டு வட்டங்களிலும் வட்டத்துக்கு ஒன்றாக ஆரஞ்சுப் புள்ளி மெல்ல மெல்ல ஏறியது.

சூடான தூசியின் வாசனை வந்தது.

இரண்டு தரம் 'இரு' என்று சொன்னது அவளுக்கு அப்போது நினைவுக்கு வந்தது. மூன்றாம் தரம் அவன் கூப்பிடுவதில்லை.

பிடரியில் காய்ப்பேறிய விரல்நுனி ஒன்று பட்டது.

அவள் திரும்பவில்லை. கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். கழுவிய தட்டை, தண்ணீர் சொட்டச் சொட்ட, பக்கவாட்டில் நீட்டினாள்.

கையிலிருந்து கனம் போயிற்று.

தட்டு விழுந்து உடையும் அதிர்வுக்காக அவள் பாதங்களை ஊன்றிக் காத்திருந்தாள். அது வரவில்லை.